சாரணரும் காவல் விலங்கும் – விந்தைப் புனைவில் மாந்தர் படைப்பு

நுழையும்முன்

இல்லாத உலகைப் படைப்பவருக்கும் இருக்கும் உலகைப் பற்றிய அறிவு வேண்டும். பேசும் கிளி, பறக்கும் குதிரை, வழிகாட்டும் ஓநாய் எனக் கதைகளில் நாம் காணும் விந்தை விலங்குகள், மெய்யான விலங்குகளை உற்றுநோக்கியவர்களின் கற்பனையில் பிறந்தவை. முன்சென்று உளவறியும் சாரணர் ஒருவரையும், அவரைக் காத்து உடன்செல்லும் விந்தை விலங்கு ஒன்றையும் கதைமாந்தராகப் படைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. பழந்தமிழ் இலக்கணம், காப்பியம், நடுகல், உயிரியல் ஆகியவற்றிலிருந்து அப்படைப்புக்கு வேண்டிய பொருளைத் திரட்டும் வழியையும் காட்டுகிறது.

சாரணர் என்பவர்

சாரணர் என்றதும் சீருடையும் கழுத்துத்துணியும் அணிந்த மாணவர்கள் நம் நினைவுக்கு வருவர். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த இயக்கம் அது. ஆயினும் அச்சொல் தமிழில் அதற்கு முன்பே வழங்கியது. ஒற்றர் என்னும் பொருள் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்கள் சாரணர் எனப்படுகின்றனர். மறைந்து சென்று அறிபவர், மண்ணைவிட்டு எழுந்து செல்பவர் ஆகிய இரு பொருளையும் ஒரே சொல் தாங்கி நிற்பது, விந்தைப் புனைவு எழுத விரும்புபவருக்குக் கிடைத்த நற்பேறு.

சாரணரின் தொழிலைப் பழந்தமிழர் நுட்பமாக வரையறுத்துள்ளனர். பகைவரின் ஆநிரைகளைக் கவரச் செல்லும் வெட்சித்திணையில், பகைப்புலத்தை முன்னதாகச் சென்று ஒற்றி அறிந்துவருவது 'வேய்' என்னும் துறையாகக் கூறப்படுகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை மேலும் ஒரு துறையைத் தருகிறது. அது 'புலனறி சிறப்பு'. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும்போது, பகைப்புலத்தை அறிந்துவந்தவருக்கு மற்றவரினும் மிகுதியாகக் கொடுத்துச் சிறப்பித்தலை அது குறிக்கிறது. வாளெடுத்துப் போரிட்டவரைக் காட்டிலும் கண்டுவந்து சொன்னவருக்குப் பங்கு மிகுதி! செய்தியின் அருமையை உணர்ந்த சமூகம் வகுத்த நெறி இது.

திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாகிய ஒற்றாடல், சாரணருக்குரிய பண்புகளை எடுத்துரைக்கிறது. பிறர் ஐயுறாத தோற்றம், எவர் உற்றுநோக்கினும் அஞ்சாமை, எந்நிலையிலும் உள்ளத்தில் உள்ளதை வெளியிடாமை ஆகிய மூன்றையும் வள்ளுவர் ஒற்றருக்கு வேண்டியனவாகக் கூறுகிறார். ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். சாரணர் தவறாகக் காணவும் கூடும்; கண்டதை மறைக்கவும் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இக்கருத்துகளிலிருந்து படைப்பாளர் பெறவேண்டிய தெளிவு ஒன்று உண்டு. போர்வீரரின் கதை வெற்றியில் முடியும். சாரணரின் கதை செய்தியில் முடியும். அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதற்கு அங்கு இடமில்லை. எதைக் கண்டார், கண்டதை உள்ளவாறு சொன்னாரா என்பனவே வினாக்கள். சாரணரைக் கதைத்தலைவராக அமைப்பவர், 'இவர் கொண்டுவரும் செய்தி யாது? அதைச் சொல்வதால் இவருக்கு நேரும் இழப்பு யாது?' என்னும் இரண்டையும் முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

விலங்கின் இயல்பே விந்தையின் வேர்

சாரணருக்குத் துணையாக வரும் விலங்கைத் தெரிவு செய்யும்போது இளம் படைப்பாளர் பலர் சிங்கம், புலி, கழுகு என வலிமையின் சின்னங்களையே நாடுகின்றனர். வலிமை மட்டுமே விந்தையாகாது. வியப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஆராய்கிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான மருட்கை, நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது அந்நூல். இதுவரை காணாத ஒன்றைக் காண்பது புதுமை. அளவிறந்து பெரியதாய் இருப்பது பெருமை. மிக நுண்ணியதாய் இருப்பது சிறுமை. ஒன்று மற்றொன்றாகத் திரிவது ஆக்கம். உள்ளங்கையில் அடங்கும் தேன்சிட்டும் மருட்கை தரும். கல் நாயாக மாறுவதும் மருட்கை தரும். பேருருவம் ஒன்றே வழி என எண்ண வேண்டியதில்லை.

வியப்பின் வாயிலைத் தெரிந்துகொண்டபின், அவ்விலங்கின் மெய்யான இயல்பை அறிய வேண்டும். கூகையின் இரு செவித்துளைகளும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல. ஓர் ஒலி இரு செவிகளையும் அடைவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே, காரிருளில் ஓடும் எலியின் இடத்தை அது கணிக்கிறது. நாய் மூச்சை வெளியிடும்போது காற்று அதன் மூக்கின் பக்கப்பிளவுகள் வழியே விலகிச் செல்கிறது. ஆதலால் முன்னே உள்ள மணம் கலையாமல் அடுத்த மூச்சிலும் அதற்குக் கிடைக்கிறது. மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளால் யானைகள் தம்முள் தொடர்புகொள்வதை 1984ஆம் ஆண்டில் கேட்டி பெய்ன் என்னும் ஆய்வாளர் உணர்ந்தறிந்தார். அழுங்கின் உடலைக் காக்கும் செதில்கள், நம் நகத்தில் உள்ள அதே பொருளால் ஆனவை. ஆபத்து நேரின் அது பந்துபோல் சுருண்டுகொள்கிறது.

விந்தை என்பது இவ்வியல்புகளை ஓரடி மேலே நகர்த்துவது. எலியின் காலடியைக் கேட்கும் கூகை, நாளை நடக்கவிருப்பவரின் காலடியைக் கேட்கலாம். மணத்தைத் தொடரும் நாய், பொய்யின் மணத்தையும் அறியலாம். தொலைவிலிருந்து நிலத்ததிர்வை உணரும் யானை, புதையுண்ட ஊரின் குரலை உணரலாம். உண்மையில் ஊன்றிய கால் ஒன்றும் கற்பனையில் எடுத்துவைத்த கால் ஒன்றுமாக விந்தை நடக்கும்போதுதான் கற்பவர் அதனை நம்பிப் பின்தொடர்வர்.

குறையால் பொருந்தும் இருவர்

சாரணரும் விலங்கும் ஒருவருக்கொருவர் ஏன் தேவைப்படுகின்றனர் என்பது அடுத்த வினா. இருவருக்கும் எல்லா ஆற்றலும் இருப்பின் நட்புக்கு இடமில்லை. ஒருவரின் குறை மற்றவரின் நிறைவோடு பொருந்தும் இடத்தில்தான் துணைமை பிறக்கிறது.

இராமாயணத்தில் வரும் சம்பாதியை எண்ணிப்பாருங்கள். தம்பி சடாயுவைக் கதிரவனின் வெம்மையிலிருந்து காக்கத் தன் சிறகை விரித்து, அச்சிறகுகள் கருகப்பெற்ற கழுகரசன் அவன். சீதையைத் தேடிவந்த வானரர் கடற்கரையில் வழியறியாது சோர்ந்திருக்கும் வேளையில் அவர்களைச் சந்திக்கிறான். இலங்கை இருக்குமிடம் அவன் கண்ணுக்குத் தெரிகிறது, பறக்கச் சிறகில்லை. அனுமனுக்குக் கடலைத் தாவும் ஆற்றல் உண்டு. சீதை இருக்குமிடம் தெரியாது. காண்பவன் செல்ல இயலாமலும் செல்பவன் காண இயலாமலும் நிற்கும் அந்நிலையில், இருவர் குறையும் சேர்ந்து ஒரு வழியாகின்றன.

தெரிந்து தெளிவோம்

ஆப்பிரிக்காவில் வாழும் தேன்காட்டிப் பறவை, தேனடை இருக்கும் மரத்துக்கு மனிதரை அழைத்துச் செல்கிறது. பறவைக்குத் தேனடை இருக்குமிடம் தெரியும். தேனீக்களை விலக்கி அடையைப் பிரிக்க இயலாது. மனிதருக்குப் புகையும் கோடரியும் உண்டு, இடம் தெரியாது. தேனை மனிதர் கொள்ள, மெழுகைப் பறவை உண்கிறது. மொசாம்பிக் நாட்டின் யாவோ மக்கள் இப்பறவையை அழைப்பதற்கென ஒரு தனிக்குரல் எழுப்புகின்றனர். 2016இல் வெளியான ஆய்வின்படி, அக்குரலை எழுப்பியபோது பறவை வழிகாட்ட முன்வரும் வாய்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாக உயர்ந்தது. இப்பறவைகள் பழக்கி வளர்க்கப்பட்டவை அல்ல. காட்டில் தம்போக்கில் வாழ்பவை.

ஆற்றலுக்கு எல்லை, எல்லைக்குள் ஒரு விலை

காவல் விலங்கால் எதையும் செய்ய முடியுமெனில் சாரணருக்குக் கதையில் வேலையில்லை. துன்பம் வரும்போதெல்லாம் விலங்கு தோன்றிக் காப்பாற்றுமாயின் அச்சமும் இல்லை. அச்சம் இல்லாத இடத்தில் துணிவும் இல்லை. ஆகவே விந்தை ஆற்றலைப் படைப்பவர் அதற்கு எல்லையையும் வகுத்தாக வேண்டும்.

பிலிப் புல்மன் 1995இல் வெளியிட்ட 'நார்தர்ன் லைட்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினத்தில் ஒவ்வொருவரின் உயிரும் ஒரு விலங்கின் வடிவில் உடன் நடமாடுகிறது. குழந்தைப் பருவத்தில் அவ்விலங்கு விரும்பிய உருவெல்லாம் எடுக்கும். வளர்ந்தபின் ஒரே உருவில் நிலைபெறும். இருவரும் விலகிச் செல்லும் தொலைவு மிகுமாயின் இருவருக்கும் பொறுக்கவொண்ணாத வலி உண்டாகும். இந்த ஓர் எல்லை அக்கதையின் பல நிகழ்ச்சிகளுக்கு அடிப்படையாகிறது. பிரிவு என்பதை உடல்வலியாக மாற்றியதால், கற்பவர் ஒவ்வொரு பிரிவின்போதும் அஞ்சுகின்றனர்.

சடாயுவின் கதையும் எல்லையின் கதையே. சீதையைக் காக்க இராவணனை எதிர்த்த அவன் சிறகறுந்து வீழ்கிறான். காவல் தோற்றது. ஆனால் இராமன் வரும்வரை உயிரைத் தாங்கியிருந்து, நிகழ்ந்ததைச் சொன்னபின்பே உயிர்விடுகிறான். காவலனாகத் தோற்றவன் செய்தி சொல்பவனாக வெல்கிறான். காக்க முடியாமற்போன நிலையிலும் செய்யத்தக்க கடமை ஒன்று எஞ்சியிருப்பதை அப்பாத்திரம் உணர்த்துகிறது.

எல்லையோடு விலையும் வேண்டும். எல்லை என்பது விலங்கால் இயலாதது. விலை என்பது இயன்றதற்காக இழப்பது. ஆற்றலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் சாரணர் எதையேனும் இழப்பாராயின், 'இப்போது இதைப் பயன்படுத்தலாமா?' என்னும் தயக்கம் பிறக்கும். அத்தயக்கத்தில் அம்மாந்தரின் உள்ளம் நமக்குப் புலப்படும்.

கல்லிலிருந்து ஒரு காவலன்

இதுவரை கண்ட நெறிகளைக் கொண்டு ஒரு சாரணரையும் காவல் விலங்கையும் படைத்துப் பார்ப்போம். அதற்குரிய விதை நம் மண்ணிலேயே கிடைக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்துறந்த வீரனுக்காக எடுக்கப்பட்டது அது. வில்லேந்திய வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் 'கோவிவன்' எனக் கல்வெட்டு கூறுகிறது. அரசரின் பெயரும் வீரரின் பெயரும் பொறிக்கப்படும் கல்லில் ஒரு நாயின் பெயரையும் பொறித்து வைத்தனர் அக்கால மக்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் அழியவில்லை.

அந்த நடுகல்லிலுள்ள நாய் ஓர் இரவு எழுந்து நடந்தால் என்னவாகும்? இவ்வினாவிலிருந்து நம் கதை தொடங்குகிறது. தொல்காப்பியம் கூறும் 'ஆக்கம்' என்னும் வாயிலை நாம் தெரிந்தெடுத்துள்ளோம். மெய்யான ஊரையும் மெய்யான பெயரையும் விடுத்து, மலையடிவாரத்தில் கற்பனையாக ஓர் ஆயர் சிற்றூரை அமைத்துக்கொள்வோம்.

சாரணர்: பதினாறு அகவை நிரம்பிய நொச்சி. நொச்சி என்பது மதிலைக் காப்பதைக் கூறும் திணைக்கும் பெயர். ஊர் காக்கும் பெண்ணுக்குப் பொருந்தும். ஓசையின்றி நடப்பதிலும் தடம் அறிவதிலும் வல்லவள். கேட்ட ஒருவரின் சொல்லை எளிதில் நம்பிவிடுவது அவள் குறை.

காவல் விலங்கு: கருவாயன் என்னும் நாய். பகலில் நடுகல்லில் சிற்பமாய் நிற்கும்; இரவில் உயிர்பெறும். அதன் ஆற்றல், பொய்யை மோப்பத்தால் அறிதல். நொச்சியின் குறைக்கு இது நேரான துணை.

எல்லை: ஊரில் யாமந்தோறும் முழக்கப்படும் துடியின் ஒலி எட்டும் தொலைவுவரையே அது செல்லும். மேலும், ஒரு சொல் பொய் என்பது அதற்குத் தெரியும். உண்மை யாது, பொய்யுரைத்தவர் ஏன் உரைத்தார் என்பவை தெரியா. அது பேசவும் பேசாது.

விலை: கருவாயன் ஒரு பொய்யை அறியும்போது, நொச்சியின் உணர்விலிருந்து ஒரு மணம் என்றைக்குமாக நீங்கிவிடும்.

கதையின் நெருக்கடி: ஊரின் கறவை மாடுகள் ஓர் இரவில் காணாமற்போகின்றன. தடம் பற்றிச் சென்ற நொச்சி, துடியொலி எட்டாத மலைக்கு அப்பால் தனியே சென்று மீள்கிறாள். அக்காட்சியை எழுதிப் பார்ப்போம்.

ஞாயிறு மலைமுகட்டில் மறைந்து நெடுநேரம் ஆயிற்று. துடியின் ஒலி மெல்லக் கேட்கத் தொடங்கிய இடத்தில் கருவாயன் நின்றிருந்தது. இரண்டு இரவுகளாக அவ்வெல்லையைக் கடக்க இயலாமல் அது அங்குமிங்கும் நடந்த தடம் மணலில் பள்ளமாய்க் கிடந்தது. நொச்சி அதன் கழுத்தில் கைவைத்தாள். கல்லின் குளிர்ச்சியும் உயிரின் துடிப்பும் ஒருங்கே அவள் உள்ளங்கையில் ஏறின.

ஒற்றையடிப் பாதையில் பந்தத்தோடு வேலன் எதிர்வந்தான்.

"வந்துவிட்டாயா, நொச்சி! மாடுகளைக் கண்டாயா?"

"கண்டேன், அண்ணா. வறண்ட ஆற்றின் மறுகரையில் நிற்கின்றன. ஒன்றும் குறையவில்லை."

"கவர்ந்து சென்றவர்கள்?"

"வில்லோ வேலோ அவர்களிடம் இல்லை. குழந்தைகள் இருந்தார்கள். கையில் ஓட்டாஞ்சில்லுகளை ஏந்திக்கொண்டு, பால் கறக்கும்வரை வரிசையில் அமர்ந்திருந்தார்கள்."

வேலன் பந்தத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். ஏதும் கூறவில்லை.

"தொழுவத்தின் படலை யாரும் உடைக்கவில்லை, அண்ணா. கட்டு அறுபடவும் இல்லை, உள்ளிருந்து அவிழ்க்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு காவல் உன்னுடையதுதானே?"

"உறங்கிவிட்டேன், தங்காய். எனக்கு எதுவும் தெரியாது."

கருவாயன் குரைக்கவில்லை. அதன் முதுகு மயிர் மட்டும் சிலிர்த்தது. நொச்சியின் கை தானாக மடியிலிருந்த பொதியை அவிழ்த்தது. அம்மா பிசைந்து கொடுத்த தினைமாவை முகர்ந்தாள். நாவில் வைத்தபோது தேனின் இனிப்பு இருந்தது. தேனின் மணம் இல்லை. இனி அவள் வாழ்நாளில் அம்மணம் வாராது. அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பந்தத்தின் ஒளியில் அவன் கண்கள் மலைக்கு அப்பால் நிலைத்திருந்தன.

தொலைவில் துடி மீண்டும் முழங்கியது. மன்றத்தில் ஊரார் அவள் சொல்லுக்காகக் காத்திருந்தனர்.

இக்காட்சியில் விந்தை எங்கு நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒளிவெள்ளம் இல்லை, இடியோசை இல்லை. ஒரு மணம் இல்லாமற்போகிறது. அவ்வளவே. நாய் பேசாததால், இழப்பே நொச்சிக்குச் செய்தியாகிறது. விலையும் ஆற்றலும் ஒரே செயலில் ஒன்றாகிவிடுவதால், 'அண்ணன் பொய்யுரைத்தான்' என்று எழுத வேண்டிய தேவையே எழவில்லை. ஓட்டாஞ்சில்லேந்திய குழந்தைகளும் பந்தத்தைக் கைமாற்றும் அண்ணனும் அவன் ஏன் அவ்வாறு செய்தான் என்பதைக் குறிப்பால் உணர்த்துகின்றனர்.

முடிவைத் தேர்தல்

மன்றத்தில் நொச்சி என்ன சொல்வாள்? கதையின் தரம் இங்குதான் முடிவாகிறது. மூன்று வழிகளை ஒப்பிட்டு நோக்குவோம்.

முதல் வழி, கருவாயன் மன்றத்தில் பாய்ந்து வேலனைக் காட்டிக்கொடுப்பது. இது விரைவான முடிவு. ஆயினும் நொச்சி சுமக்க வேண்டிய சுமையை விலங்கின்மேல் ஏற்றிவிடுகிறது. சாரணரின் கதை விலங்கின் கதையாகிவிடும்.

இரண்டாம் வழி, ஏதோவொரு மாயக்காரன் வேலனை மயக்கி அவ்வாறு செய்வித்தான் என முடிப்பது. எவர்மீதும் குற்றமில்லை என்னும் ஆறுதலை இது தரும். ஆனால் பசித்த குழந்தைகளும் பால் இழந்த ஊரும் எழுப்பிய கடினமான வினாவைக் கதை விடையின்றிக் கைவிட்டுவிடும்.

மூன்றாம் வழி, நொச்சி தானே பேசுவது. இங்கு ஒரு நுட்பத்தைக் கருதுங்கள். கருவாயன் பொய்யை அறியும், மௌனத்தை அறியாது. நொச்சி, "மாடுகளைக் கண்டேன்" என்று மட்டும் சொல்லிப் படலைப் பற்றி வாய்திறவாமல் இருக்கலாம். நாயின் மயிர் சிலிர்க்காது, இன்னொரு மணம் நீங்காது, அண்ணன் தப்பிவிடுவான். அல்லது அவிழ்ந்த கட்டைச் சொல்லிவிட்டு, ஓட்டாஞ்சில்லேந்திய குழந்தைகளை மறைத்துவிடலாம். ஊர் வேலனைத் தண்டித்துவிட்டு, வேலெடுத்து ஆற்றைக் கடக்கும். பாதிச் செய்தி எவ்வளவு எளியதோ அவ்வளவு கொடியது. அவிழ்ந்த கட்டு, அண்ணனின் காவல், வறண்ட ஆறு, வரிசையில் அமர்ந்த குழந்தைகள் ஆகிய அனைத்தையும் ஒருசேரச் சொல்வதே சாரணரின் கடன். அவ்வாறு சொல்லும்போது அண்ணனின் பக்கத்தில் நின்று சொல்கிறாளா, எதிரில் நின்று சொல்கிறாளா என்பதில் நொச்சியின் பண்பு வெளிப்படும்.

எந்த விந்தை ஆற்றலும் அவளை அங்குக் கட்டாயப்படுத்தவில்லை; காக்கவும் இல்லை. பகைவரின் அம்பிலிருந்து அவளைக் காக்கக்கூடிய நாய், ஊராரின் பார்வையிலிருந்து காக்க இயலாது. காவல் விலங்கைப் படைப்பவர் அதன் வலிமைக்காக உழைப்பதோடு, அது விலகி நின்று சாரணரைத் தனியே பேசவிடும் ஓர் இடத்தையும் கதையில் ஒதுக்கிவைக்க வேண்டும். விந்தை நிற்கும் அவ்விடத்திலிருந்துதான் மனிதரின் துணிவு புறப்படுகிறது.

உங்கள் ஊரின் ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ பெயரறியாத ஒரு நடுகல் நின்றிருக்கலாம். உங்கள் வீட்டு முற்றத்திற்கு நாள்தோறும் வரும் காகமோ அணிலோ இதுவரை நீங்கள் உற்றுநோக்காத ஓர் இயல்பைப் பெற்றிருக்கலாம். அவற்றை உற்றுநோக்குங்கள், குறித்துவையுங்கள், அதன்பின் கற்பனையில் ஓரடி எடுத்துவையுங்கள். படைப்பாளரும் ஒருவகையில் சாரணரே. பிறர் செல்லாத நிலத்துக்கு முன்சென்று, கண்டதை உள்ளவாறு வந்து சொல்பவர் அவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் வாழும் பறவை அல்லது விலங்கு ஒன்றை ஒரு வார காலம் உற்றுநோக்கி, அதன் இயல்புகள் ஐந்தினைக் குறிப்பேட்டில் எழுதுக. அவற்றுள் ஒன்றை விந்தை ஆற்றலாக வளர்த்தெடுக்க.

2. சாரணர், காவல் விலங்கு, எல்லை, விலை, நெருக்கடி ஆகிய ஐந்து தலைப்புகளில் உங்கள் கதைக்கான திட்டத்தை வரைந்து வகுப்பில் படித்துக்காட்டுக.

3. மன்றத்தில் நொச்சி பேசும் காட்சியை உரையாடலாக எழுதி நடித்துக்காட்டுக.

4. உங்கள் மாவட்டத்தில் உள்ள நடுகற்கள் குறித்த செய்திகளை ஆசிரியரின் துணையோடு திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பகைப்புலத்தை ஒற்றி அறிந்துவந்தவருக்கு மிகுதியான பங்கு கொடுத்துச் சிறப்பிக்கும் துறை
அ) வேய் ஆ) விரிச்சி இ) புலனறி சிறப்பு ஈ) உண்டாட்டு

2. ஒன்று மற்றொன்றாகத் திரிவதால் பிறக்கும் மருட்கையின் நிலைக்களன்
அ) புதுமை ஆ) பெருமை இ) சிறுமை ஈ) ஆக்கம்

குறுவினா

1. ஒற்றருக்கு வேண்டிய பண்புகளாகத் திருக்குறள் கூறுவன யாவை?
2. எடுத்தனூர் நடுகல்லின் சிறப்பு யாது?
3. விந்தை ஆற்றலின் எல்லைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

சிறுவினா

1. சம்பாதி – அனுமன், தேன்காட்டிப் பறவை – மனிதர் ஆகிய இணைகளில் காணப்படும் பொதுத்தன்மையை விளக்குக.
2. 'காவலனாகத் தோற்றவன் செய்தி சொல்பவனாக வெல்கிறான்' – இக்கூற்றை நிறுவுக.

நெடுவினா

1. 'பாதிச் செய்தி எவ்வளவு எளியதோ அவ்வளவு கொடியது' – நொச்சியின் கதையையும் இன்றைய செய்திப் பரவலையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.